வியர்த்த டேங்க்

மூடியைத் தூக்கினால் முதலில் புகை வரவேண்டும். மேலே போகாமல் விளிம்பில் வழிந்து தரையை நோக்கி இறங்கும் கனத்த வெள்ளைப் புகை. ஆய்வகத்தை மூடியிருந்த நீண்ட விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த காலையில் அவள் டேங்க்கின் மூடியைத் தூக்கினாள். புகை வரவில்லை.

மூடியைத் திரும்ப வைத்துவிட்டு மறுபடி தூக்கினாள், முதல் தடவை சரியாகத் தூக்காததுபோல.

அளவுகுச்சியை உள்ளே விட்டாள். திரவ நைட்ரஜன் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதுவரை குச்சியில் வெண்பனி படியும். வெளியே எடுத்தபோது குச்சி வெறுமனே இருந்தது. அடிநுனியில் மட்டும் நகத்தின் அகலத்துக்கு லேசான வெண்மை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மறைந்தது.



டாக்டரம்மா ஒருவர் நடத்துகிற, குழந்தையில்லாதவர்கள் வரும் மருத்துவமனை அது. அதன் ஆய்வகத்தில், ஜன்னல் இல்லாத ஓர் உள்ளறையில் டேங்க் இருந்தது. பார்க்கப் பெரிய பால்கேன் மாதிரி இருக்கும். இரண்டு சுவர்கள், நடுவே காற்றே இல்லாத வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் உள்ளிருக்கும் குளிரைக் காப்பாற்றுகிறது. உள்ளே கூண்டுகள். கூண்டுகளில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் ஒரு துளி, துளிக்குள் யாரோ ஒருத்தியின் முட்டையோ, யாரோ இருவரின் கருவோ. பக்கத்தில் சிறு குழல்களில் விந்து. எல்லாம் கண்ணாடியாக உறைந்து, ஒருநாள்கூட வயது ஏறாமல், கூப்பிடும்போது வருவோம் என்று கிடந்தவை.

கொஞ்ச காலமாகவே டேங்க்கின் வெளிச்சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. வெளியே வியர்த்தால் நடுவிலுள்ள வெற்றிடம் கெடுகிறது என்று அர்த்தம். இது அவளுக்குத் தெரியாததில்லை. பரீட்சையில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவள். ஆனால் அந்த ஆய்வகத்தில் ஈரம் ஆகாது. ஈரம் இருந்தால் பூஞ்சை வரும், பூஞ்சை வந்தால் அடுத்த அறையில் வளர்கிற கருக்கள் போய்விடும். ஈரத்தைக் கண்டால் துடை என்றுதான் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொசுவைக் கண்டால் கை எழுவதுபோல இவர்களுக்கு ஈரத்தைக் கண்டால் துணி எழும். வியர்வையை அவள் துடைத்தாள். அவள் வராத நாளில் ஆய்வகப் பொறுப்பாளர் துடைத்தார். ஏன் வியர்க்கிறது என்று துடைத்த இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. டேங்க் பளபளவென்று இருந்தது.

மட்டம் குறைந்தால் அலறுகிற கருவி ஒன்றும் இருந்தது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் அலறி, சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிகிற பெண்களை அது தூக்கிவாரிப்போட வைத்ததால், ஒயரைக் கழற்றிச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள்.

பொறுப்பாளர் வந்ததும் அவள் வாசலிலேயே நின்று சொன்னாள்.

“சார், டேங்க் வத்திடுச்சு.”

அவர் தோளிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை. உள்ளே போய்க் குனிந்து பார்த்தார்.

“அடியில இருந்துச்சா, இல்லையா?”

“நுனியில கொஞ்சம்…”

“இருந்துச்சுல்ல? அப்ப குளிர் இருந்திருக்கும்.”

“கூண்டெல்லாம் மேல இருக்கே சார்.”

“ஏம்மா, நீ வாயைத் திறக்கறதே அபூர்வம். இன்னைக்குன்னு பார்த்துதான் திறக்கணுமா?”

இருப்பிலிருந்த கேனை உருட்டிவந்து அவரே ஊற்றினார். சீறிக்கொண்டு கொதித்து அடங்கியது. வழக்கமான புகை எழுந்து விளிம்பில் வழிந்து அவர் செருப்பை மூடியது.

“இப்ப பாரு. ஏதாவது தெரியுதா?”

தெரியவில்லை. அதுதான் பயங்கரம். உருகி, செத்து, மறுபடி உறைந்த பட்டையும், உருகாமலே இருந்த பட்டையும் டேங்க்குக்குள் ஒரே மாதிரிதான் தெரியும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, வெளியே எடுத்து உருக்கிப் பார்ப்பது. உருக்கியதைத் திரும்ப வைக்க முடியாது.

“எல்லாருக்கும் சொல்லணும் சார்.”

“என்னன்னு சொல்லுவ? செத்திருக்கலாம், சாகாமலும் இருக்கலாம்னா? வரவங்க வரும்போது ஒண்ணொண்ணா எடுப்போம். பிழைச்சிருந்தா சந்தோஷம். பிழைக்கலைன்னா, உறைய வச்சதெல்லாம் பிழைக்கும்னு நாம யாருக்கும் சத்தியம் பண்ணலையே. டாக்டரம்மா காதுக்கு இது போகவேணாம்.”

மதியத்துக்குள் எல்லாவற்றையும் வேறு டேங்க்குக்கு மாற்றினார்கள். மாற்றும்போது பச்சை மூடி போட்ட மூன்று பட்டைகள் அவள் கைக்கு வந்தன. அவற்றை உறையவைத்தவளே அவள்தான். அவளுடைய அக்காவின் முட்டைகள்.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது கல்யாணமாகி வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மருந்து ஏற ஆரம்பித்தால் சினைப்பை செத்துவிடும், அதற்கு முன்னால் கிடைக்கிற முட்டைகளை எடுத்து வைத்துவிடுங்கள் என்றார்கள். அவசர அவசரமாக எடுத்தார்கள். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த தங்கை, கை நடுங்கக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முட்டையாக நைட்ரஜனில் முக்கினாள். பிறகு மருந்து ஏறியது, முடி உதிர்ந்தது, சொன்னபடியே சினைப்பை செத்தது. அக்கா பிழைத்தாள். இனிக் குழந்தைக்கு முயற்சி பண்ணலாம் என்று போன மாதம்தான் புற்றுநோய் மருத்துவர் சொல்லியிருந்தார். பச்சை மூடிகளைத் தவிர அக்காவுக்கு இந்த உலகத்தில் வேறு முட்டை கிடையாது.

பொறுப்பாளருக்கு இது தெரியும். மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். குரலில் தேன் சொட்டியது.

“ராத்திரி பூரா யோசிச்சேன். உங்க அக்காவோடது பிழைக்கலைன்னு வை. நீ இருக்கியே? வயசு இருக்கு, ஆரோக்கியம் இருக்கு. ஊசி போட்டு உன்னோடதை எடுத்துடலாம். அதுல உங்க மாமாவோடதைச் சேர்த்து அக்காவுக்கு வச்சுடலாம். அக்காகிட்ட அவங்களோடதுதான்னு சொல்லிக்கலாம். குழந்தை அவங்க ஜாடையிலயே இருக்கும். யாருக்குத் தெரியப்போகுது?”

அவள் சாப்பாட்டை மூடினாள்.

“என்ன அப்படிப் பார்க்கற? அறிவியல் படிச்ச பொண்ணுதானே நீ? ஒரே ரத்தம். நான் நல்லதுதான் சொல்றேன்.”

நல்லதுதானோ என்று ஒரு நிமிஷம் அவளுக்கும் தோன்றியது. அக்கா அழவேண்டியதில்லை. குழந்தை பிறக்கும். தான் எப்போதும்போல் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்படித் தோன்றியதுதான் அவளை அன்று மாலையே அக்கா வீட்டுக்கு விரட்டியது.

கதவைத் திறந்தது மாமா. லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். மாலை முறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“வாங்க விஞ்ஞானி மேடம். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் சரியா குளிர மாட்டேங்குது. கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்.”

“வந்தவளை உக்கார விடுங்க” என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “என்னடி சுண்டெலி, சொல்லாம கொள்ளாம?”

துணிக்குவியலுக்கு நடுவே அக்கா உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். உதிர்ந்த முடி மறுபடி முளைத்தபோது சுருட்டையாக முளைத்திருந்தது.

“உங்க அக்காவைப் பாரு” என்றார் மாமா செருப்பை மாட்டிக்கொண்டே. “மொத பொண்டாட்டிக்கு நேர்முடி. இவ என் ரெண்டாவது பொண்டாட்டி. செலவில்லாம ரெண்டு கல்யாணம் பண்ணவன் ஊர்லயே நான் ஒருத்தன்தான்.”

“போய்ட்டு வாங்க, வழியிலயே மூணாவதையும் பாத்துட்டு வாங்க.”

மாமா சிரித்துக்கொண்டே படியிறங்கினார். அந்தச் சிரிப்புச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“ஏண்டி மரம் மாதிரி நிக்கற? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

அவள் சொன்னாள். வியர்வையைத் துடைத்ததிலிருந்து சாப்பாட்டு வேளைவரை, ஒன்றும் விடாமல். அக்காவின் கை மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தது.

“மூணுமா?”

“தெரியலக்கா. உருக்கினாத்தான் தெரியும்.”

“அப்ப உருக்கு.”

“அக்கா…”

“உருக்குடி. எப்படியும் எனக்காகத்தானே வச்சிருக்க?”

இரண்டு நாள் கழித்து, பொறுப்பாளர் கதவருகே காவல் நிற்க, அவள் உருக்கினாள். உயிருள்ள முட்டை உடல்சூட்டுத் திரவத்தில் மெல்ல உப்பி, சோப்புக் குமிழிபோல் உருண்டு தெளியும். நுண்ணோக்கியில் பார்த்தால் விளிம்பில் ஒளிவளையம் தெரியும். முதலாவது உப்பவே இல்லை. பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தது. இரண்டாவது ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மூன்றாவது உருளத் தொடங்கியது. பாதியில் நின்று, கறுத்து, அமுங்கியது.

தொலைபேசியில் சொன்னபோது அக்கா “சரி” என்றாள். அழவில்லை. அன்று மாலை தங்கை தங்கியிருந்த அறைக்கு வந்து, உட்காராமலேயே பேசினாள்.

“உன்னோடதைக் குடு.”

“குடுக்கறேன்கா. மாமாகிட்ட நீ சொல்லிடு. இல்ல, நானே சொல்றேன்.”

“அவருக்குத் தெரியக்கூடாது.”

“ஏன்கா? மாமா ஒண்ணும் சொல்ல மாட்டார்.”

“உனக்கென்ன தெரியும்? மொட்டைத் தலையோட ஆஸ்பத்திரியில கிடந்தேன். டாக்டர் வந்து மருந்து வேலை செய்யுதுன்னு சொல்றார். இவர் கேட்ட மொத கேள்வி என்ன தெரியுமா? ‘எடுத்து வச்ச முட்டை பத்திரமா இருக்கா?’ நான் பக்கத்துலயே கிடக்கேன். என்னைப் பத்திக் கேக்கல.” அக்கா சுவரைப் பார்த்தாள். “இது என்னோட குழந்தை. அவருக்கு, அவங்க வீட்டுக்கு, எல்லாருக்கும். உனக்கும்தான். புரியுதா?”

“அப்ப மத்தவங்க? அந்த டேங்க்ல எத்தனையோ பேரோடது இருக்குக்கா. அவங்களுக்கு…”

“மத்தவங்க எனக்கு யாரு? நீ வாயைத் திறந்தா அந்த இடத்தை இழுத்து மூடிடுவாங்க. வேற இடத்துக்குப் போனா ஆதியிலேர்ந்து எல்லாத்தையும் இவர் முன்னாடி கேப்பாங்க. கொஞ்ச நாள் பேசாம இரு. பேசாம இருக்கறது உனக்கென்ன புதுசா? பொறந்ததுலேர்ந்து அதைத்தானே பண்ணிட்டிருக்க?”

அவள் பேசாமல் இருந்தாள். அதையே அக்கா சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

ஊசிகள் ஆரம்பித்தன. மருந்தையும், டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் முட்டையை எடுக்கத் தனக்கு வேண்டிய ஒரு டாக்டரையும் பொறுப்பாளரே ஏற்பாடு செய்திருந்தார். மாமா வேலைக்குப் போனதும் அவள் அக்கா வீட்டுக்குப் போவாள். சமையலறையில் சட்டையை உயர்த்திக்கொண்டு நிற்பாள். தொப்புளுக்குக் கீழே சதையைக் கிள்ளிப் பிடித்து அக்காவே ஊசி போடுவாள். நோயில் கிடந்தபோது அத்தனை ஊசிகளை வாங்கிய கை, ஒருதடவைகூடத் தடுமாறவில்லை. போட்டு முடித்ததும் அந்த இடத்தை விரலால் தேய்த்துவிட்டு, “சாப்பிட்டுட்டுப் போ. சத்தா சாப்பிடணும் நீ” என்பாள். அந்த அன்பு தனக்கா, தன் வயிற்றுக்கா என்று யோசிக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆய்வகத்தில் பொறுப்பாளர் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். நாற்காலி இழுத்துப்போட்டார். இதற்குள் இரண்டு தம்பதிகளின் கருக்களை உருக்கியிருந்தார்கள். எதுவும் பிழைக்கவில்லை. “சில சமயம் இப்படி ஆகும்” என்று அவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் அழுதுவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாக வந்தவர் தையல்காரம்மா.

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நாற்பதைத் தாண்டியவர். புருஷன் பஸ் ஓட்டுநர், பயணத்திலேயே இருப்பவர். அதனால் பெரும்பாலும் தனியாகத்தான் வருவார். கருக்களை உறையவைத்த நாளிலிருந்து, சும்மா அந்தப் பக்கம் போனாலும் உள்ளே எட்டிப் பார்த்து, “என்னம்மா, எங்க வீட்டு வாலுங்க சேட்டை பண்ணாம இருக்குதுங்களா? குளிர்ல நடுங்குச்சுன்னா சொல்லு, ஆளுக்கொரு ஸ்வெட்டர் தைச்சுட்டு வரேன்” என்பார். அவள் சிரிப்பாள். “சிரிக்கறா பாரு. என் பிள்ளைங்களுக்கு நல்ல ஆயா கிடைச்சிருக்கா” என்பார்.

அன்று கருக்களை உருக்கியது அவள்தான். எல்லாம் கறுத்துக் கிடந்தன. பொறுப்பாளர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, “வா, டாக்டரம்மா ரூம்ல இருக்காங்க. நான் பேசிக்கறேன்” என்றார்.

மருத்துவமனை உடையில், கால்மேல் போர்வையுடன் தையல்காரம்மா படுத்திருந்தார். கருவை வைப்பார்கள் என்று தயாராக வந்தவர். டாக்டரம்மா அவர் தலைமாட்டில் நின்றிருந்தார். பொறுப்பாளர் தலையை அசைத்தார்.

“எல்லாமா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“தரம் கொஞ்சம் கம்மிதான் டாக்டர். ஆரம்பத்துலேர்ந்தே. வயசு ஒரு காரணம்.”

டாக்டரம்மா தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “சில கருக்கள் உருக்கும்போது தாங்கறதில்லைம்மா. வயசாக ஆக, முட்டையோட பலம் குறைஞ்சிடும். மனசைத் தேத்திக்கங்க.”

தையல்காரம்மா கூரையைப் பார்த்தார். பிறகு மிகவும் சாதாரணமான குரலில் பேசினார்.

“அவர் சின்ன வயசுலயே சொன்னார். ராப்பகலா மிஷினை மிதிக்காத, அடிவயிறு கெட்டுடும்னு. நான்தான் கேக்கல. தங்கச்சிங்க கல்யாணம், அது இதுன்னு மிதிச்சுக்கிட்டே இருந்தேன். என் உடம்புதான் டாக்டர். குழந்தைங்க மேல தப்பில்ல. நான்தான் பலமில்லாததா பெத்துப் போட்டிருக்கேன். அவருக்கு எப்படிச் சொல்வேன்?” எழுந்து உட்கார்ந்து, போர்வையை ஒழுங்காக மடிக்க ஆரம்பித்தார். “உங்களுக்கெல்லாம்தான் சிரமம் குடுத்துட்டேன்.”

“உங்க மேல தப்பில்ல.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரல்தான் என்று அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

“நீ வெளிய போ” என்றார் பொறுப்பாளர்.

“உங்க உடம்பு நல்லாத்தான் இருந்துச்சும்மா. கருவும் நல்லாத்தான் இருந்துச்சு. உறைய வச்சப்ப நானே பார்த்தேன். டேங்க் வத்திடுச்சு. லீவு முடிஞ்சு வந்தப்ப காய்ஞ்சு கிடந்துச்சு. மறுபடி ஊத்தி மூடிட்டோம். அதுக்கு முன்னாடியே அது வியர்க்க ஆரம்பிச்சிருந்துச்சு. நான்தான் துடைச்சுத் துடைச்சு…” பொறுப்பாளர் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தாள். “உங்களோடது மட்டும் இல்ல. அதுல இருந்த எல்லாமே.”

டாக்டரம்மா பொறுப்பாளரைப் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தையல்காரம்மா மடித்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். “ஒழுங்கா பாத்துக்கறேன்னுதானே சிரிச்ச?” என்றார்.

அன்று மாலை அவள் ஊசிக்குப் போகவில்லை. அக்காவே கூப்பிட்டாள். அவள் சொல்லி முடித்தபிறகு மறுமுனையில் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

“எல்லாருக்கும் தெரிஞ்சுடுமா?”

“நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்றாங்கக்கா. உங்களையும் கூப்பிடுவாங்க. மாமா நம்பர்தான் குடுத்திருக்கு.”

“யாரோ ஒரு தையல்காரிக்காக.”

“அக்கா, அவங்க…”

“வைடி போனை.”

மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். பொறுப்பாளர் வரவில்லை. டாக்டரம்மா தன் அறையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார். “நான் சொல்றேன். அவங்க ஏதாவது கேட்டா நீ பதில் சொல்லு. ஒளிக்காத” என்றார். ஒருவர் கத்தினார். ஒருவர் மேஜையைத் தள்ளினார். வயதான ஒரு தாய், இறந்துபோன மகனின் விந்து இருந்த குழலைக் கையில் தரமுடியுமா என்று கேட்டார்.

பிற்பகலில் மாமா வேலை உடுப்போடு வந்தார். அவருக்குப் பின்னால் அக்கா. அழுத்தி வாரிப் பின்னியும் அடங்காத சுருட்டைமுடி நெற்றியில் விழுந்திருந்தது. தங்கையை அவள் பார்த்த பார்வை, கௌண்டரில் இருக்கிற யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை.

டாக்டரம்மா சொல்லத் தொடங்கும் முன்பே மாமா பேசினார்.

“வெளிய என்னென்னவோ சொல்றாங்க. நான் பயப்படல. சுண்டெலி, உங்க அக்காவோடது வேற டேங்க்லதானே இருந்துச்சு? நீதானே வச்ச. சொந்த அக்காவோடதை நல்ல இடமா பார்த்துத்தானே வச்சிருப்ப?”

“இல்ல மாமா. அதுலதான்.”

“அப்ப எங்களோடது?” என்றாள் அக்கா.

அது தனக்குத் தெரிந்த விடைக்கான கேள்வி என்பதன் சுவடே அந்தக் குரலில் இல்லை. அவள் அக்காவின் கண்களைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டியிருந்தது.

“இல்லக்கா. போயிடுச்சு.”

அக்காவின் வாய் கோணியது. தொலைபேசியில் வராத அழுகை, இத்தனை நாள் சமையலறையில் ஒருதடவைகூட வராத அழுகை, அப்போது வந்தது. நடிப்பில்லை. அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. மாமா அவளைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே, தலையைத் திருப்பிக் கேட்டார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

மாமாவின் தோளுக்கு மேல் அக்காவின் முகம் தெரிந்தது. அழுகை நிற்கவில்லை. கண்கள் மட்டும் திறந்து அவளிடம் நிலைத்திருந்தன. காலையிலிருந்து வந்த அத்தனை பேரிடமும் அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. உண்மையைச் சொல்ல அவளுக்குப் பழகியிருந்தது.

“நேத்துதான் மாமா” என்றாள்.

டாக்டரம்மா சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார்.

மாமா அக்காவின் தோளிலிருந்து கையை எடுத்தார். எதையோ தேடுவதுபோலச் சட்டைப்பையைத் தடவினார். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். வேகமாகப் போகவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஆனால் எட்டிப் பிடிக்காமல் நடந்தாள்.

ஊசிகளில் பழுத்த முட்டைகள் அவள் அடிவயிற்றில் கல்லாகக் கனத்தன. இனி யாரும் அவற்றை எடுக்கப்போவதில்லை. உட்காரக்கூட வலித்தது. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“அடுத்தவங்களைக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

அவள் தலையாட்டினாள்.